கடைப் பாக்கிக்கு வீட்டுப் பத்திரமா?



'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை எழுதி மாட்டாத மளிகைக் கடை நம் ஊர்களில் குறைவு. பலகை அதன் பாட்டுக்குத் தொங்கும். கடனும் அதன் பாட்டுக்கு நடக்கும். மில்காரர் நமக்கு முப்பது நாள் தவணையில் சரக்கு அனுப்புகிறார். நாம் சில்லறைக் கடைக்காரருக்குப் பதினைந்து நாள் தவணை தருகிறோம். அவர் தெருவில் உள்ள வீடுகளுக்கு மாதக் கணக்கு எழுதுகிறார். சம்பள நாளன்று அந்த வீடுகளிலிருந்து புறப்படும் பணம் கடைக்கு வந்து, மண்டிக்கு வந்து, மில்லுக்குப் போய்ச் சேருகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அத்தனை பேருக்கும் நோவு உண்டு.

இப்போது மண்டிகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது. பாக்கி பெருகிப் போன கடைக்காரரிடம் அவருடைய வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அதன்பேரில் சரக்கு கொடுத்தால் என்ன என்பதே அந்தப் பேச்சு. மொத்த வியாபாரிகளில் சிலர் இதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். மொத்த வியாபாரிகளான நாமே இதை எதிர்த்து எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வியாபாரப் பாக்கியையும் குடியிருக்கும் மண்ணையும் ஒரே முடிச்சில் கட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு தேசமே பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. அது அமெரிக்கா. இன்றைக்குப் பணக்கார நாடாக விளங்கும் அமெரிக்காவின் தொடக்க காலத்தில் நிலம், அடமானம், பாக்கி வழக்கு ஆகியவற்றால் நடந்த சண்டைகளை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பதிவு என்னும் நல்ல வழக்கம்

முதலில் நல்லதைச் சொல்வோம். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் மாசசூசெட்ஸ் பகுதியில் ஊர்களை அமைத்த சில ஆண்டுகளிலேயே ஒரு தொல்லை தலைகாட்டியது. ஒருவர் தம் நிலத்தை ஒருவரிடம் அடமானம் வைப்பார். நிலத்தில் அவரே குடியிருப்பதால் ஊராருக்கு விஷயம் தெரியாது. அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்றுவிடுவார். பணம் கொடுத்த இருவரும் கோர்ட்டு வாசலில் நிற்பார்கள்.

இதற்கு முடிவு கட்ட 1640-ம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. விற்றவரோ அடமானம் வைத்தவரோ நிலத்தில் தொடர்ந்து இருந்தால், அந்தப் பத்திரம் பதிவு செய்யப்பட்டால்தான் மூன்றாம் மனிதர்களைக் கட்டுப்படுத்தும் என்றது அந்தச் சட்டம். யாருக்கு எந்த வீட்டில், எந்த நிலத்தில் என்ன பாத்தியதை இருக்கிறது என்பதை எவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். தாய்நாடான இங்கிலாந்தில் அப்போது நாடு முழுவதற்குமான இத்தகைய பதிவு முறை கிடையாது. குடியேற்ற நாடு முந்திக்கொண்டது.

இது சிறிய காரியம் அல்ல. பேரேடு இல்லாத கடைக்கும் பதிவு இல்லாத நிலத்துக்கும் வேறுபாடு இல்லை. நேர்மையான கடன்காரனையும் நேர்மையான கடன் கொடுத்தவனையும் ஒருசேரக் காப்பது எழுத்துதான்.

லண்டன் வணிகர்கள் வாங்கிய சட்டம்

அடுத்து 1732-ம் ஆண்டுக்கு வருவோம். லண்டன் வணிகர்கள் துணி, இரும்புச் சாமான் போன்ற சரக்குகளைக் கடனுக்குக் கப்பலேற்றி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பி வந்தார்கள். பாக்கி வராவிட்டால் என்ன செய்வது? இங்கிலாந்தில் அக்காலச் சட்டப்படி, சாதாரண வியாபாரக் கடனுக்காக ஒருவருடைய நிலத்தை ஏலம் போட முடியாது. அதிகமாகப் போனால் பாதி நிலத்தைக் கையில் எடுத்து அதன் வருமானத்தைக் கடன் தீரும் வரை அனுபவிக்கலாம். நிலம் குடும்பத்தின் சொத்து என்ற எண்ணம் அங்கே அவ்வளவு வலுவாக இருந்தது.

தங்கள் ஊரில் இல்லாத உரிமையை லண்டன் வணிகர்கள் கடல் கடந்த ஊர்களில் கேட்டுப் பெற்றார்கள். 1732-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டப்படி, குடியேற்றங்களில் உள்ள ஒருவருடைய நிலம், வீடு ஆகியவற்றை எல்லா விதமான கடன்களுக்கும் தட்டுமுட்டுச் சாமான் போல ஜப்தி செய்து விற்கலாம் என்று ஆயிற்று. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களும் அந்தப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டார்கள். மனிதனைச் சொத்தாக எழுதியதைவிடப் பெரிய அநியாயக் கணக்கு வணிக வரலாற்றில் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், இந்தச் சட்டத்தால் கடன் தாராளமாகக் கிடைத்தது, வியாபாரம் பெருகியது. அதை மறுக்க முடியாது. ஆனால் கடையில் வாங்கிய துணிக்கான பாக்கி நேராக வீட்டு வாசற்படி வரை வரலாம் என்ற நிலையும் அன்று முதல் வந்துவிட்டது. அதன் பலன் ஐம்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது.

பாதி மதிப்புக்கு மேல் கடன் இல்லை

குடியேற்றங்களில் வெள்ளி நாணயத்துக்கு எப்போதும் பஞ்சம். பண்டம் இருக்கும், நிலம் இருக்கும், சில்லறை இருக்காது. 1723-ல் பென்சில்வேனியா அரசு ஒரு கடன் அலுவலகம் திறந்தது. நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு காகிதப் பணம் கொடுக்கும். வட்டி நூற்றுக்கு ஐந்து. நில மதிப்பில் பாதிக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். அசலை ஆண்டுதோறும் தவணையாகக் கட்ட வேண்டும். தனியொருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. அச்சுத் தொழில் நடத்திய இளைஞரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1729-ல் தமது 23-ம் வயதில் இந்தக் காகிதப் பணத்தை ஆதரித்து ஒரு சிறு நூல் எழுதினார். பிறகு அந்தப் பணத்தை அச்சிடும் வேலையும் அவருக்கே கிடைத்தது. வியாபாரம் தெரிந்தவர்!

இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் அதன் கட்டுப்பாடுதான். பாதி மதிப்பு, சிறு தவணை, தெரிந்த கெடு, தெளிந்த பத்திரம் ஆகிய நான்கும் இருந்தன.

மாசசூசெட்ஸில் 1740-ல் தனியார் பலர் சேர்ந்து ஒரு நில வங்கி தொடங்கினார்கள். நிலத்தை ஈடு வைத்தவர்களுக்கு நோட்டுகள் தந்தார்கள். வட்டியையும் அசலையும் பண்டமாகவே கட்டலாம் என்றார்கள். பாஸ்டன் பெரு வணிகர்கள் அந்த நோட்டுகளை வாங்க மறுத்தார்கள். 1741-ல் பாராளுமன்றம் அந்த வங்கியைச் சட்டவிரோதமாக்கியதுடன், நோட்டுகளுக்குப் பங்குதாரர்கள் ஒவ்வொருவரும் சொந்தப் பொறுப்பு என்றும் ஆக்கிவிட்டது. அந்த வங்கியின் இயக்குநர்களில் ஒருவர், பின்னாளில் விடுதலைப் போராட்டத் தலைவரான சாமுவேல் ஆடம்ஸின் தந்தை. தந்தை இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1758-ல், குடும்பச் சொத்தை ஏலம் போட அதிகாரி வந்து நின்றார். மகன் போராடித்தான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்கார ஆட்சியின்மேல் அந்த வீட்டில் எவ்வளவு கசப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்லவா வேண்டும்?

சங்கிலி அறுந்த கதை

இனி முக்கியமான கட்டம். 1783-ல் விடுதலைப் போர் முடிந்தது. போர்க்காலத்தில் சரக்கு காணாத மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். பிரிட்டிஷ் வணிகர்கள் பாஸ்டன் மொத்த வியாபாரிகளுக்குக் கடனுக்குச் சரக்கைக் கொட்டினார்கள். பாஸ்டன்காரர்கள் உள்நாட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். நம் சங்கிலி மாதிரியே!

அதே ஆண்டில் பிரிட்டன் தனது மேற்கிந்தியத் தீவுத் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடியது. பாஸ்டன்காரர்களின் பழைய ஏற்றுமதி படுத்தது. சரக்குக்குப் பதில் சரக்கு அனுப்ப வழியில்லாமல் போகவே, பிரிட்டிஷ் வணிகர்கள் வெள்ளி நாணயமாகக் கேட்டார்கள். பாஸ்டன் மொத்த வியாபாரிகள் கடைக்காரர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். கடைக்காரர்கள் விவசாயிகள்மேல் வழக்குப் போட்டார்கள். அதுவரை கிராமத்துக் கடையில் பாக்கி என்பது தானியமாகவும் இறைச்சியாகவும் உழைப்பாகவும் மெல்ல மெல்லத் தீரும் கணக்கு. திடீரென்று 'நாணயம் வை' என்றால் எங்கே போவான்? மாநில அரசும் போர்க் கடனைத் தீர்க்க வரியை உயர்த்தி, அதையும் நாணயமாகவே கேட்டது.

ஹாம்ப்ஷயர் என்ற ஒரே மாவட்டத்தில் 1784 ஆகஸ்டு முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய மூவாயிரம் கடன் வழக்குகள் நடந்தன. மாடும் கன்றும் நிலமும் ஏலத்துக்கு வந்தன. கட்ட வழியில்லாதவர்கள் சிறைக்குப் போனார்கள். போரில் துப்பாக்கி பிடித்தவர்கள் அவர்கள். சம்பளத்துக்குப் பதிலாக அரசு கொடுத்த சீட்டை வயிற்றுப் பாட்டுக்காக வந்த விலைக்கு விற்றவர்கள். அந்தச் சீட்டுகளை மலிவாக வாங்கிக் குவித்தவர்களுக்கு முழு மதிப்பும் கொடுப்பதற்காகத்தான் இப்போது வரி!

மனுக்கள் போட்டார்கள், பலன் இல்லை. 1786 ஆகஸ்டு 29-ம் நாள் நார்த்தாம்ப்டன் ஊரில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு கோர்ட்டு நடக்கவிடாமல் தடுத்தார்கள். கோர்ட்டு கூடினால்தானே டிக்ரி? டிக்ரி வந்தால்தானே ஜப்தி? அடுத்தடுத்து வேறு ஊர்களிலும் இப்படியே நடந்தது. முன்னாள் படைத் தலைவர் டேனியல் ஷேஸ் பெயரால் இது ஷேஸ் கலகம் என்று அழைக்கப்படுகிறது. அரசிடம் பணம் இல்லாததால் பாஸ்டன் வணிகர்களே ஆறாயிரம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்து ஒரு படையை அனுப்பினார்கள். 1787 ஜனவரி 25-ம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கில் பீரங்கி வெடித்தது. கலகக்காரர்களில் நால்வர் உயிரிழந்தார்கள். பிப்ரவரியில் கலகம் ஒடுங்கியது.

வணிகர்கள் வென்றார்களா? அந்த ஆண்டுத் தேர்தலில் கவர்னர் பௌடன் படுதோல்வி அடைந்தார். புதிய சட்டசபை வரியைக் குறைத்தது. கடன் வசூலை நிறுத்தி வைத்தது. ஷேசுக்கு 1788-ல் மன்னிப்புக் கிடைத்தது. ஆக, வழக்குச் செலவு, படைச் செலவு, ஊர்ப்பகை எல்லாம் போக, பாக்கியும் வரவில்லை. தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசித் தவணை போட்டிருந்தால் இதைவிட அதிகமாக வந்திருக்கும் என்பது நமது கருத்து.

இதில் அதிகம் நசுங்கியவர் நடுவில் நின்ற உள்ளூர்க் கடைக்காரர் என்பதையும் கவனியுங்கள். மேலே மொத்த வியாபாரி அவர்மேல் வழக்குப் போட்டார். கீழே சொந்த ஊர்க்காரன் அவரை எதிரி என்று பார்த்தான்.

இறைச்சிக் கடைக்காரரின் வழக்கு

கடன்காரன் பக்கமே முழுவதும் சாய்ந்தால் சரியாகிவிடுமா? அதையும் ஒரு மாநிலம் செய்து பார்த்தது. 1786-ல் ரோட் ஐலண்ட் அரசு ஒரு லட்சம் பவுண்டு காகிதப் பணத்தை அச்சடித்து நிலத்தின் ஈட்டின்பேரில் கடனாகக் கொடுத்தது. அந்தக் காகிதத்தை நாணயத்துக்குச் சமமாக எல்லோரும் வாங்கியே தீர வேண்டும். மறுத்தால் நூறு பவுண்டு அபராதம். ஜூரி இல்லாமல் விசாரணை. அப்பீலும் கிடையாது என்றது. கடன்காரர் காகிதத்தைக் கொண்டுபோய் நீதிபதியிடம் கட்டிவிட்டால் கடன் தீர்ந்தது என்று அர்த்தம்.

விளைவு என்ன? கடைகள் அடைக்கப்பட்டன. கடன் கொடுத்தவர்கள் கடன்காரரைக் கண்டால் ஓடி ஒளியும் விபரீதமும் நடந்தது. நியூபோர்ட் ஊரில் ஜான் வீடன் என்ற இறைச்சிக் கடைக்காரர், ஜான் டிரெவெட் என்பவர் நீட்டிய காகிதத்தை வாங்க மறுத்தார். வழக்கு வந்தது. 1786 செப்டம்பரில் நீதிபதிகள் இந்தப் புகாரைத் தாங்கள் ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். கோபம் கொண்ட சட்டசபை நீதிபதிகளையே வரவழைத்து விளக்கம் கேட்டது. இருந்தும் காகிதம் மதிப்பிழந்துகொண்டே போனது. 1789-ல் சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. சட்டம் போட்டு நம்பிக்கையை உண்டாக்க முடியாது என்பதை ஒரு சிறு கடைக்காரர் நாட்டுக்குக் காட்டினார்.

இந்த இரண்டு அனுபவங்களும் கண்முன் இருக்கும்போதுதான் 1787-ல் அமெரிக்க அரசியல் சட்டம் எழுதப்பட்டது. மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, தங்க வெள்ளி நாணயம் தவிர வேறெதையும் கடனுக்குச் செலாவணி ஆக்கக் கூடாது, ஒப்பந்தக் கடமையைக் குலைக்கும் சட்டம் செய்யக் கூடாது என்று அதில் எழுதினார்கள். இல்லினாய் மாநிலம், அடமானத்தில் ஏலம் போன நிலத்தை ஓராண்டுக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தபோது, பழைய அடமானங்களுக்கு அது செல்லாது என்று 1843-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேசிய பேச்சைப் பின்னால் மாற்றக் கூடாது என்பதில் நமக்கும் உடன்பாடே. ஆகவேதான், பேசும்போதே யோசித்துப் பேச வேண்டும் என்கிறோம்.

ஒரே நிலத்துக்குப் பல சொந்தக்காரர்கள்

பத்திரம் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் கென்டக்கி கதையைக் கேட்க வேண்டும். அப்போது கென்டக்கி, வர்ஜீனியா மாநிலத்தின் பகுதி. 1779-ம் ஆண்டுச் சட்டப்படி அரசு முன்கூட்டி நிலத்தை அளக்கவில்லை. சீட்டு வாங்கியவரே காட்டில் இடத்தைத் தேடி, மரத்தில் குறி வெட்டி, ஆள் வைத்து அளந்துகொள்ள வேண்டும். ஒருவர் எல்லைமேல் இன்னொருவர் எல்லை, அதன்மேல் மூன்றாமவர் எல்லை என்று கூரை ஓடு அடுக்கியது போல் ஆயிற்று. காட்டு வழி கண்டுபிடித்த புகழ்பெற்ற டேனியல் பூன், தாமே நில அளவை செய்தவர். அவரே தம் நிலங்களை இழந்து 1799-ல் அந்த ஊரைவிட்டு வெளியேறினார்.

இன்னொருவர் தாமஸ் லிங்கன் என்ற தச்சர். கென்டக்கியில் மாறி மாறி வாங்கிய நிலங்களிலெல்லாம் அவருக்குப் பத்திரத் தகராறு. நொந்துபோய் 1816-ல் மனைவி மக்களோடு இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தார். உடன் சென்ற ஏழு வயதுச் சிறுவன்தான் ஆபிரகாம் லிங்கன்! குடும்பம் இடம் பெயர்ந்ததற்கு அடிமை முறை ஒரு பகுதிக் காரணம் என்றும், நில உரிமைத் தகராறே முக்கியக் காரணம் என்றும் லிங்கன் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

உண்மைச் சொந்தக்காரர் என்று ஒருவர் பின்னால் வந்தால், குடியிருந்தவர் செய்த திருத்தங்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று கென்டக்கி சட்டம் செய்தது. 1823-ல் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. ஊரார் அந்தத் தீர்ப்பை மனமார ஏற்கவில்லை. காட்டை வெட்டிக் கழனியாக்கியவன் வெறுங்கையோடு போக வேண்டுமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது?

இந்தியானாவில் என்ன வேறுபாடு? 1785-ம் ஆண்டு விதிப்படி மத்திய அரசு நிலத்தை முதலில் ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாகவும் அளந்து, பிறகே விற்றது. தாமஸ் லிங்கன் 1817-ல் அங்கே 160 ஏக்கருக்குப் பதிவு செய்தார். ஏக்கர் இரண்டு டாலர். முன்பணம் கட்டி மீதி தவணை. 1819-ல் நாடெங்கும் பணமுடை வந்தது. 1820-ல் இப்படி நிலம் வாங்கியவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி இரண்டு கோடி டாலருக்கு மேல். அரசு என்ன செய்தது? அத்தனை பேரையும் ஏலத்தில் விடவில்லை, பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்யவும் இல்லை. 1821-ல் ஒரு நிவாரணச் சட்டம் போட்டது. வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதுவரை கட்டிய பணத்தை மீதி நிலத்துக்கு வரவு வைத்துக்கொள்ளலாம் என்றது. இனிமேல் கடன் விற்பனை இல்லை என்று முன்பே நிறுத்திவிட்டது. தாமஸ் லிங்கனும் இத்தகைய சலுகைப்படி 1827-ல் பாதி நிலத்தை விட்டுக் கொடுத்து 80 ஏக்கரைத் தமதாக்கிக்கொண்டார். இதுதான் புத்தியுள்ள வசூல். கொடுத்தவருக்கும் நட்டமில்லை, வாங்கியவர் குடும்பமும் தெருவில் நிற்கவில்லை.

கடனை ஆயுதமாக்கியபோது

இந்த நிலமெல்லாம் முதலில் யாருடையது? செவ்விந்தியர் என்று நாம் பள்ளியில் படித்த பழங்குடி மக்களுடையது. அவர்களிடமிருந்து நிலம் கைமாறிய விதத்தில் கடைக் கணக்குக்கும் பங்கு உண்டு என்பதுதான் நெஞ்சை உறுத்தும் செய்தி. ஜனாதிபதி ஜெபர்சன் 1803-ல் ஓர் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், அரசாங்கக் கடைகளைப் பெருக்கி, அம்மக்களில் செல்வாக்குள்ளவர்கள் கடனில் விழுந்தால் நல்லதே, கட்ட முடியாமல் போகும்போது நிலத்தைக் கொடுக்க முன்வருவார்கள் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். 1805-ல் சோக்டா மக்களோடு செய்த ஒப்பந்தத்தில் ஏறக்குறைய 40 லட்சம் ஏக்கர் கைமாறியது. அதற்காக அரசு கொடுத்த தொகையில் 48,000 டாலர், வணிகர்களின் பாக்கிக்கே போய்விட்டது.

வாங்குகிறவன் கட்டமாட்டான் என்று தெரிந்தே, அவன் மண்மேல் கண் வைத்துச் சரக்கு கொடுப்பது வியாபாரமாகாது. தூண்டிலில் புழு மாட்டுவதற்கு வேறு பெயர் உண்டு.

பெரிய புள்ளியும் தப்பவில்லை

நிலத்தில் சூதாடியவர்களில் பெரிய வணிகர்களும் உண்டு. பிலடெல்பியாவின் ராபர்ட் மாரிஸ் விடுதலைப் போருக்கே பணம் திரட்டித் தந்தவர். நாட்டின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவர். கடன்மேல் கடன் வாங்கி லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கினார். விலை ஏறும் என்று காத்திருந்தார், ஏறவில்லை. 1798 முதல் 1801 வரை கடன்காரர் சிறையில் இருந்தார். ஜார்ஜ் வாஷிங்டனே சிறைக்குச் சென்று அவரோடு உணவருந்தினார். 1800-ல் வந்த திவால் சட்டத்தால்தான் அவர் வெளியே வர முடிந்தது. நண்பர் வாஷிங்டனாகவே இருந்தாலும் பேரேட்டின் பற்றுப் பக்கத்தை அழிக்க முடியவில்லை. கடனுக்காகச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை நியூயார்க் மாநிலம் 1831-ல் ஒழித்தது. சிறையில் இருப்பவன் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காதவன் கடனைக் கட்ட முடியாது. இந்த எளிய கணக்கு புரிய அவ்வளவு காலம் ஆயிற்று!

நமது கருத்து

அமெரிக்கச் சங்கதி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அடமானச் சட்டத்தில் அவர்களுக்கும் நமக்கும் மூலம் ஒன்றே. அது ஆங்கிலச் சட்டம். நம் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-ல் வந்தது. மூலப்பத்திரத்தை ஈடாகக் கையில் கொடுத்தாலே அடமானம் ஆகும் என்ற விதியை அச்சட்டம் முதலில் சென்னை, கல்கத்தா, பம்பாய் போன்ற சில நகரங்களுக்குத்தான் வைத்தது. பிறகு அரசு அறிவித்த மற்ற ஊர்களுக்கும் அது வந்தது. ஆகவே, 'சும்மா பத்திரத்தைக் கொடுத்து வைத்தேன்' என்று கடைக்காரர் நினைப்பதும், 'சும்மா வாங்கி வைத்தேன்' என்று மண்டிக்காரர் நினைப்பதும் அறியாமை. அது சும்மா அல்ல. அது அடமானமாக முடியக் கூடியது. அதே சட்டம் கடன்காரருக்கு மீட்கும் உரிமையையும் தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பறிக்கும் நிபந்தனை எழுதினாலும் செல்லாது.

பத்திரம் வாங்க விரும்பும் நண்பர்களின் கவலையும் நமக்குத் தெரியாதது அல்ல. ஐந்து மண்டியில் சரக்கு எடுத்து ஐந்திலும் பாக்கி வைத்துவிட்டு ஷட்டரை இறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கையில் எதுவும் இல்லாமல் எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பத்திரம் பெட்டியில் வந்துவிட்டால் நம் கை தாராளமாகிவிடும். 'வீடு இருக்கிறதே' என்று வரம்பு மீறிச் சரக்கு போடுவோம். அவரும் 'பத்திரம்தான் கொடுத்தாயிற்றே' என்று பாக்கியை வளர்ப்பார். முடிவில் அரிசிக்கும் பருப்புக்கும் நாம் அவருடைய வீட்டை ஏலம் கேட்க வேண்டும். அந்த ஊரில் அப்புறம் நம் சரக்கை யார் இறக்குவார்கள்?

எனவே நாம் சங்கத்தின் முன் வைக்கும் யோசனைகள் இவை.

ஒன்று: ஓடும் கணக்குக்கு வீட்டுப் பத்திரம் வாங்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். கடையின் விற்பனையைப் பார்த்துக் கடன் வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் ரொக்கம்.

இரண்டு: பெரிய தொகைக்கு ஈடு அவசியம் என்றால், தனிக் கடனாக, தொகையும் வட்டியும் கெடுவும் எழுதி, முறைப்படி பதிவு செய்யுங்கள். வில்லங்கம் பாருங்கள், வீட்டுக்காரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்து செய்யுங்கள். சொத்து மதிப்பில் பாதியைத் தாண்ட வேண்டாம். வில்லங்க விவரத்தைக் கணினியிலேயே பார்க்க முடிகிற இந்தக் காலத்தில் பாராமல் கொடுப்பதற்குச் சாக்கு இல்லை.

மூன்று: தொகை எழுதாத வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் போடுவதும் கூடவே கூடாது.

நான்கு: பாக்கி முற்றியவரைச் சங்கம் அழைத்துப் பேசட்டும். இருக்கிற சரக்கில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மீதிக்கு மாதத் தவணை போடலாம். அமெரிக்கா 1821-ல் செய்தது இதைத்தான். கோர்ட்டு கடைசிப் படியாக இருக்கட்டும்.

ஐந்து: சில்லறை வியாபாரிகளும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கட்ட முடியாதபோது போனை அணைத்து வைக்காதீர்கள். நேரில் வந்து கணக்கைக் காட்டுங்கள். முகம் காட்டும் கடன்காரரை எந்த மண்டிக்காரரும் எளிதில் கைவிடமாட்டார்.

இந்த ஐந்தையும் அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இதழில் எழுதட்டும், வரவேற்கிறோம். கடை ஒருமுறை மூடினால் மறுபடி திறக்கலாம். குடியிருக்கும் வீடு ஏலத்தில் போனால் அந்தக் குடும்பத்துக்கு மறுபடி ஒரு வாசற்படி கிடைக்க ஒரு தலைமுறை ஆகும்.